'அரசு அறிவித்தது' என்றால் எந்த அரசு? பிரிட்டனின் கொள்கைகளைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

"பள்ளிகளுக்குப் புதிய விதி: அரசு அறிவிப்பு" என்று லண்டன் நாளிதழ் தலைப்புப் போடும். கிளாஸ்கோவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு அந்தச் செய்தியால் ஒரு பயனும் இல்லை. கார்டிஃபில் இருப்பவருக்கும் பெல்ஃபாஸ்டில் இருப்பவருக்கும் அப்படித்தான். அது இங்கிலாந்துக்கு மட்டுமான விதி. ஆனால் 'இங்கிலாந்து' என்ற சொல் செய்தியின் ஏழாவது பத்தியில் வரலாம், வராமலே போகலாம். மாணவர், தன்னார்வ அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தவர், புதிதாகக் குடியேறியவர் என யாராக இருந்தாலும் பிரிட்டனின் பொதுக் கொள்கையைப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

1997 செப்டம்பரில் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும், தங்களுக்கென்று தனி மன்றம் வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஸ்காட்லாந்து 74 சதவீதத்துக்கு மேல் ஆதரவு தந்தது; வேல்ஸ் 50.3 சதவீதத்தில் நூலிழையில் தப்பியது. அடுத்த ஆண்டு பெரிய வெள்ளி உடன்பாடு என்ற அமைதி ஒப்பந்தத்தின் வழியே வட அயர்லாந்தும் சேர்ந்தது. 1998இல் மூன்று நாடுகளுக்கும் தனித்தனிச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து ஒரே நாட்டுக்குள் நான்கு கொள்கை உலகங்கள். (வட அயர்லாந்தையும் சேர்த்துச் சொல்ல 'ஐக்கிய இராச்சியம்' என்பதே சரி. வழக்கையொட்டி இங்கே 'பிரிட்டன்' என்றே எழுதுகிறோம்.)

ஒரு கொள்கை யாருடையது, எப்படி உருவாகிறது, எங்கே பேசினால் காதில் விழும் என்று கண்டுபிடிக்கும் வரிசை இது. வரிசையை மாற்ற வேண்டாம். பணத்தையும் அரசியலையும் முதலில் பார்த்துவிட்டு அதிகாரத்தைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் மூன்று மாத உழைப்பைத் தவறான கதவில் தட்டி வீணாக்குகிறார்கள்.

படி 1: எந்த நிலத்துக்கான கொள்கை?

ஸ்காட்லாந்துக்கு எடின்பரோவில் ஹோலிரூட், வேல்ஸுக்குக் கார்டிஃபில் செனெத், வட அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்டில் ஸ்டோர்மான்ட் என்று தனி மன்றங்கள் உண்டு. இங்கிலாந்துக்கு அப்படி ஒன்று கிடையாது. வெஸ்ட்மின்ஸ்டரே பிரிட்டன் முழுவதற்கும் நாடாளுமன்றம், இங்கிலாந்துக்கும் அதுவே. ஒரே அமைச்சரவை இரண்டு தொப்பி போட்டிருக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் பேசினால் நான்கு நாடுகளுக்கும் சேர்த்துப் பேசுகிறார். கல்வி அமைச்சர் பேசினால் ஏறக்குறைய எல்லாமே இங்கிலாந்துக்கு மட்டும்தான். சுகாதாரம் இரண்டும் கலந்தது: மருத்துவமனை நிர்வாகம் இங்கிலாந்துக்கு, மருந்துகளுக்கான உரிமம் பிரிட்டன் முழுவதற்கும்.

ஆகவே ஒரு லண்டன் அமைச்சகத்தின் அறிவிப்பைப் படிக்கும்போது அதன் பெயரை நம்பாதீர்கள். எந்த நிறுவனத்தின் பெயர் வருகிறது என்று பாருங்கள். பள்ளி ஆய்வில் 'ஆஃப்ஸ்டெட்' என்று வந்தால் இங்கிலாந்து, 'எஸ்டின்' என்று வந்தால் வேல்ஸ். 'அகாடமி' பள்ளிகள் என்றாலும் இங்கிலாந்துதான். மற்ற மூன்று நாடுகளிலும் அந்த வகைப் பள்ளியே இல்லை.

படி 2: அதிகாரம் யார் கையில்?

மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல் என்று பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் தலைகீழாக யோசிக்க வேண்டும். பகிர்ந்து கொடுத்த அதிகாரங்களின் பட்டியலைத் தேடினால் கிடைக்காது. வெஸ்ட்மின்ஸ்டர் தன்னிடம் வைத்துக்கொண்டவற்றுக்குத்தான் பட்டியல். அதில் இல்லாத எல்லாமே அந்தந்த நாட்டு மன்றத்துடையது. ஸ்காட்லாந்துக்கு 1998 சட்டத்தின் 5ஆம் அட்டவணையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. வேல்ஸ் வெகுகாலம் வேறு முறையில் இயங்கிவிட்டு 2018 ஏப்ரலில்தான் இந்த முறைக்கு வந்தது. அதன் பட்டியல் 7ஏ அட்டவணை. 2018க்கு முந்தைய வேல்ஸ் கட்டுரைகளைப் படித்தால் இதை மனத்தில் வையுங்கள். அவற்றில் சொல்லியிருக்கும் அதிகார வரம்பு இன்று பொருந்தாது.

வட அயர்லாந்தில் மூன்று அடுக்கு. ஒருபோதும் கைமாறாதவை, இப்போதைக்கு வெஸ்ட்மின்ஸ்டரிடம் இருந்தாலும் பின்னால் மாற்றக்கூடியவை, ஏற்கனவே மாற்றப்பட்டவை. காவல்துறையும் நீதித்துறையும் இரண்டாம் அடுக்கிலிருந்து 2010 ஏப்ரலில்தான் ஸ்டோர்மான்ட்டுக்கு வந்தன.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வெளியுறவு, பாதுகாப்பு, குடியேற்றம், நாணயம், ஒலிபரப்பு ஆகியவை எங்கும் வெஸ்ட்மின்ஸ்டருடையவை. சுகாதாரம், பள்ளிக் கல்வி, வீட்டுவசதி, உள்ளாட்சி, வேளாண்மை, சுற்றுச்சூழல் ஆகியவை மூன்று நாடுகளிலும் பகிரப்பட்டவை, அதாவது அந்தந்த நாட்டு மன்றத்திடம் கொடுக்கப்பட்டவை. நடுவில் உள்ளவைதான் ஆளைக் கவிழ்க்கும். காவல்துறை ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பகிரப்பட்டது, வேல்ஸில் இல்லை. தொழிலாளர் சட்டம் வட அயர்லாந்தில் மட்டும் பகிரப்பட்டது. போதை ஒழிப்பில் சிகிச்சை ஸ்காட்லாந்து அரசின் வேலை. எந்தப் போதைப்பொருள் குற்றம் என்று சொல்லும் சட்டம் லண்டனுடையது. ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகளை இரண்டு அரசுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வட அயர்லாந்தின் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை இன்னொரு வகை. சட்டப்படி அது பகிரப்பட்டதுதான். ஆனால் பிரிட்டனின் மற்ற பகுதிகளைவிட அதிகம் கொடுக்க நினைத்தால் கூடுதல் செலவை ஸ்டோர்மான்ட் தன் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும். அதனால் நடைமுறையில் பெரும்பாலும் லண்டன் வழியே போகிறது. காகிதத்தில் உள்ள அதிகாரமும் கையில் உள்ள அதிகாரமும் வேறு வேறு.

ஒரு மசோதா எந்தப் பக்கம் விழும் என்று சந்தேகம் வந்தால் அதன் நோக்கத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது: வெஸ்ட்மின்ஸ்டர் தனக்கென்று ஒதுக்கி வைத்த துறையோடு தொடர்புடையதா என்பதை, மசோதாவின் விளைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதன் நோக்கத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

படி 3: பணம் எந்தக் குழாயில் வருகிறது?

இந்த இடத்தை அவசரமாகக் கடப்பவர்கள் பிறகு எல்லா விவாதத்திலும் தடுமாறுவார்கள். மூன்று அரசுகளின் செலவில் பெரும்பகுதி லண்டனிலிருந்து ஒரே தொகையாக வருகிறது. ஆண்டுதோறும் அது எவ்வளவு கூடும், குறையும் என்பதை பார்னெட் சூத்திரம் தீர்மானிக்கிறது. 1970களின் இறுதியில் நிதியமைச்சகத்தில் இருந்த ஜோயல் பார்னெட்டின் பெயர் அதற்கு. தற்காலிக ஏற்பாடு என்று வந்தது, இன்னும் போகவில்லை.

கணக்கு இப்படி: இங்கிலாந்தில் ஒரு துறையின் நிதி எவ்வளவு மாறியது, அந்தத் துறையில் எவ்வளவு பங்கு பகிரப்பட்டது, இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இந்த நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு. இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு 100 கோடி பவுண்டு கூடுதலாக ஒதுக்கினால், பள்ளிக்கல்வி முழுதும் பகிரப்பட்டது என்பதால் இரண்டாவது எண் 100 சதவீதம். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை இங்கிலாந்தினதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒன்பதரைக் கோடி பவுண்டுக்கு அருகில் கிடைக்கும். வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தேவை அதிகம் என்று ஒப்புக்கொண்டு இதன்மேல் ஒரு பெருக்கெண்ணும் சேர்க்கிறார்கள். வட அயர்லாந்துக்கு அது 124 சதவீதம்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. "பள்ளிக்கென்று வந்த பணத்தை வேறெதற்கோ செலவழித்துவிட்டார்கள்" என்று குற்றம் சொல்வது முதலாவது. அந்தத் தொகையில் பள்ளி என்று எந்த முத்திரையும் இல்லை. சாலைக்குச் செலவிட்டாலும் விதிமீறல் ஆகாது. இரண்டாவது, சூத்திரம் மொத்த நிதியையும் நிர்ணயிக்கிறது என்று நினைப்பது. அது மாற்றத்தை மட்டுமே கணக்கிடுகிறது. அடித்தளத் தொகை பழைய காலத்திலிருந்து அப்படியே தொடர்கிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் ஒரு சேவையை அரசுச் செலவிலிருந்து கட்டணத்துக்கு மாற்றினால், மற்ற மூன்று நாடுகளின் நிதியும் சுருங்கலாம். அந்த முடிவில் அந்த மூன்று அரசுகளுக்கும் பங்கே இருந்திருக்காது.

வரி விஷயத்தில் ஸ்காட்லாந்து அதிக தூரம் போயிருக்கிறது. சம்பளத்துக்கான வருமான வரியில் 2024 ஏப்ரலிலிருந்து ஆறு அடுக்குகள்: 19, 20, 21, 42, 45, 48 சதவீதம். ஆனால் வரியில்லா வருமான வரம்பான 12,570 பவுண்டை லண்டன் நிர்ணயிக்கிறது. சம்பளத்தில் வரியோடு பிடிக்கும் தேசியக் காப்பீட்டுக் கட்டணமும் லண்டனுடையது. இரண்டு அரசுகளின் வரம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் ஒரு விசித்திரம் நடக்கிறது. ஸ்காட்லாந்தில் 42 சதவீத வரி 43,662 பவுண்டைத் தாண்டியதும் தொடங்குகிறது. தேசியக் காப்பீடு 8 சதவீதத்திலிருந்து 2 ஆக இறங்குவதோ 50,270க்குப் பிறகு. நடுவில் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் பாதி போய்விடுகிறது. எடின்பரோவும் லண்டனும் தனித்தனியே எடுத்த முடிவுகள் ஒரே சம்பளச் சீட்டில் வந்து மோதிய விளைவு இது.

வேல்ஸும் வருமான வரியில் ஒரு பகுதியை நிர்ணயிக்கலாம்; ஆனால் அடுக்குகளை மாற்ற முடியாது. வீடு வாங்கும்போது கட்டும் வரி ஸ்காட்லாந்தில் 2015 முதலும் வேல்ஸில் 2018 முதலும் தனி. வட அயர்லாந்து இங்கிலாந்தோடு சேர்ந்தே முத்திரை வரி கட்டுகிறது.

படி 4: கையில் என்ன கருவி இருக்கிறது?

பகிர்வு அரசுகள் (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகள்) வேறு மாதிரிக் கொள்கை வகுப்பதற்குக் கட்சி அரசியல்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. இருக்கிற கருவியை வைத்துத்தான் தச்சன் வேலை செய்கிறான்.

மதுவைப் பாருங்கள். குடியால் வரும் நோயைக் குறைக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்து அரசு நினைத்தது. வழக்கமான வழி மதுவரியை உயர்த்துவது. அது லண்டனிடம். ஆகவே சுகாதார அதிகாரத்தை வைத்து இன்னொரு வழி கண்டார்கள்: மதுவில் உள்ள ஆல்கஹாலின் ஒவ்வொரு அலகுக்கும் குறைந்தபட்ச விலை. சட்டம் 2012இல் நிறைவேறியது. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2018 மே 1 முதல் அலகுக்கு 50 பென்ஸ். வேல்ஸ் 2020 மார்ச்சில் பின்தொடர்ந்தது. ஆறு ஆண்டுக்குப் பிறகு மன்றம் மறுபடி ஒப்புக்கொள்ளாவிட்டால் தானாகவே காலாவதியாகும் என்ற விதி ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இருந்தது. மன்றம் ஒப்புக்கொண்டது, 2024 செப்டம்பர் 30 முதல் 65 பென்ஸ்.

இந்த ஒரு கதையில் பகிர்வு அரசின் கொள்கை வகுப்பு மொத்தமும் இருக்கிறது. வரியாக இருந்தால் கூடுதல் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போயிருக்கும். குறைந்தபட்ச விலையில் அது விற்பவரிடமே தங்குகிறது. கருவி மாறினால் பயன் பெறுபவரும் மாறுகிறார். இன்னொன்று: வெஸ்ட்மின்ஸ்டர் நிறைவேற்றிய ஒரு சட்டத்தை 'அதிகாரம் இல்லை' என்று சொல்லி நீதிமன்றம் செல்லாததாக்க முடியாது. பகிர்வு மன்றங்களின் சட்டத்தை அப்படிச் செய்யலாம். அதனால் எடின்பரோவிலும் கார்டிஃபிலும் வழக்கறிஞர்கள் கொள்கையின் முதல் வரைவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்ற கேள்விக்கு அடிக்கடி பதில் இதுதான்.

அளவும் ஒரு காரணம். ஸ்காட்லாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் 32, வேல்ஸில் 22, வட அயர்லாந்தில் 11. வேல்ஸ் அமைச்சர் 22 தலைவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசிவிடலாம். இங்கிலாந்தில் முந்நூறுக்கும் மேல். அங்கே பேச்சுக்குப் பதில் இலக்கு, தரவரிசை, போட்டி ஏலம் என்று தூரத்திலிருந்து ஓட்டும் கருவிகள் முளைத்ததில் வியப்பில்லை. வேல்ஸ் பள்ளித் தரவரிசைப் பட்டியலை 2001இலேயே கைவிட்டது.

ஆனால் சின்ன அரசு என்றால் இணக்கமான அரசு என்று மயங்க வேண்டாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் வழக்கமான பத்து அமைப்புகளின் குரலே திரும்பத் திரும்பக் கேட்கும். பதினோராவதாக வருபவருக்கு நாற்காலி கிடைப்பது கடினம்.

தேர்தல் முறையும் சேர்ந்துகொள்கிறது. 2024இல் தொழிற்கட்சி ஏறத்தாழ 34 சதவீத வாக்கில் 411 இடங்கள் பிடித்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் அதன்பின் அரசு நினைத்தது பெரும்பாலும் நடக்கும். ஹோலிரூட்டின் 129 இடங்களில் 56 விகிதாசாரப் பட்டியலிலிருந்து வருகின்றன. 1999 முதல் 2021 வரை நடந்த தேர்தல்களில் ஒரே ஒருமுறை, 2011இல், ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது. 60 பேர் கொண்ட செனெத்தில் ஒருமுறைகூட இல்லை. 2026 மே தேர்தலிலிருந்து செனெத்தில் 96 பேர். அனைவரும் விகிதாசாரப் பட்டியல் வழியே. ஆகவே அங்கே வரவுசெலவுத் திட்டத்துக்கே எதிர்க்கட்சி ஒன்றின் ஆதரவு தேட வேண்டியிருக்கும். சிறு கட்சியின் கொள்கை எப்படிச் சட்டமாகிறது என்று தேடுபவர்கள் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய வாரங்களைப் பாருங்கள்.

ஸ்டோர்மான்ட் தனி ரகம். 90 உறுப்பினர்கள். பெரிய கட்சிகள் பகிர்ந்தே ஆள வேண்டும். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் அதிகாரத்தில் சமம். ஒருவர் விலகினால் மற்றவரும் தொடர முடியாது. குறைந்தது இரு கட்சிகளைச் சேர்ந்த 30 பேர் மனுக் கொடுத்தால் சாதாரணப் பெரும்பான்மை போதாது. பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு சமூகங்களின் ஆதரவும் வேண்டும். 2017 ஜனவரி முதல் மூன்று ஆண்டுகள் அமைச்சர்களே இல்லை. 2022இல் மறுபடி முடங்கி 2024 பிப்ரவரியில்தான் மீண்டது. அந்த ஆண்டுகளின் கொள்கை ஆவணங்களில் ஓட்டை தெரிந்தால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

படி 5: எங்கே, எப்போது பேசுவது?

எந்த அரசானாலும் கருத்துக்கேட்பு நடத்தும். அது சட்டப்படி சரியானதா என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் உண்டு. 1985இல் பிரென்ட் என்ற லண்டன் உள்ளாட்சி மன்றத்துக்கு எதிரான கன்னிங் வழக்கில் எடுத்துவைக்கப்பட்டவை அவை. முடிவு உருப்பெறும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனம்வைத்துப் பரிசீலிக்க வேண்டும். உங்கள் அமைப்பு ஒரு கருத்துக்கேட்பைக் குறைசொல்ல நினைத்தால் பொதுவாகக் குமுறுவதை விட்டு, இந்த நான்கில் எது மீறப்பட்டது என்று எழுதுங்கள்.

மசோதா வந்த பிறகு பாதைகள் பிரிகின்றன. வெஸ்ட்மின்ஸ்டரில் முதல் வாசிப்பு வெறும் அறிமுகம். இரண்டாம் வாசிப்பில் கொள்கையளவில் வாக்கெடுப்பு. அதற்குப் பிறகுதான் குழு உட்கார்ந்து சாட்சியம் கேட்கும். நீங்கள் வாய்திறக்கும்போது "இந்த மசோதா வேண்டுமா?" என்ற கேள்வி முடிந்துபோயிருக்கும், வரிகளைத் திருத்தலாம், அவ்வளவுதான். பிறகு அறிக்கைக் கட்டம், மூன்றாம் வாசிப்பு, அதன்பின் மேலவையான பிரபுக்கள் அவையில் அதே சுற்று. அரசு தோற்கும் இடம் பெரும்பாலும் பிரபுக்கள் அவையே என்பதால் அனுபவசாலிகள் பாதி உழைப்பை அங்கே ஒதுக்குவார்கள்.

ஹோலிரூட்டில் வரிசை வேறு. மூன்று கட்டங்கள். முதல் கட்டத்திலேயே பொறுப்புக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, சாட்சியம் எடுத்து, அறிக்கை எழுதும். அதன்பின்தான் பொதுக் கோட்பாட்டின் மீது வாக்கெடுப்பு. ஆகவே "இது வேண்டவே வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர் முதல் கட்டத்தில் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்தால் திருத்தம் மட்டுமே மிஞ்சும். மேலவை கிடையாது. தவறு நடந்தால் பிடிக்க இரண்டாவது வலை இல்லை. செனெத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான். கட்டங்கள் நான்கு, ஆங்கிலமும் வேல்ஸ் மொழியும் சட்டத்தில் சமம். ஸ்டோர்மான்ட்டில் வெஸ்ட்மின்ஸ்டர் போலவே கோட்பாட்டு விவாதம் முதலில், குழு பிறகு. குழுவுக்கு 30 வேலைநாள் என்று விதி, வழக்கமாக நீட்டிப்பார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் குழுவுக்கு எழுத்து மூலம் அனுப்பும்போது 3,000 சொல்லைத் தாண்டாதீர்கள். கடைசி நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். அறிவித்த தேதிக்கு முன்பே குழு வேலையை முடித்துவிடலாம். முடித்தபின் வந்த காகிதத்தை யாரும் தொடமாட்டார்கள்.

மனு என்றால் கணக்கு இப்படி: வெஸ்ட்மின்ஸ்டரில் 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், ஒரு லட்சத்துக்கு விவாதப் பரிசீலனை. செனெத்தில் 250 கையெழுத்து இருந்தால் மனுக்குழு எடுத்துக்கொள்ளும். ஹோலிரூட்டில் ஒரே ஒரு கையெழுத்து போதும். பகிரப்பட்ட விஷயத்தை வெஸ்ட்மின்ஸ்டருக்கு மனுவாக அனுப்பினால், லட்சம் பேர் கையெழுத்திடத் தயாராக இருந்தாலும் "இது எங்கள் பொறுப்பல்ல" என்று தள்ளிவிடுவார்கள்.

படி 6: நிறைவேறிய பிறகும் தடுக்கும் கதவுகள்

பகிர்வு மன்றம் மசோதாவை நிறைவேற்றியதும் கொண்டாடிவிடாதீர்கள். அரச ஒப்புதலுக்கு முன் நான்கு வாரம் காத்திருப்பு உண்டு. அதற்குள் சட்ட அதிகாரிகள் "இது வரம்பு மீறியதா?" என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கும் மசோதாவை ஹோலிரூட் 2021 மார்ச்சில் ஒருமனதாக நிறைவேற்றியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகள் வரம்பு மீறியவை என்றது. திருத்திய வடிவம் 2023 டிசம்பரில் நிறைவேறி, 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஆனால் சுருங்கித்தான் வந்தது: வெஸ்ட்மின்ஸ்டர் இயற்றிய சட்டங்களின் கீழ் செய்யும் வேலைகளுக்கு அது பொருந்தாது. ஸ்காட்லாந்தின் 1980 கல்விச் சட்டம் அப்படிப்பட்ட ஒன்று.

இரண்டாவது கதவு ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. மசோதா வரம்புக்குள் இருந்தாலும், ஒதுக்கி வைத்த துறைகளின் சட்டம் இயங்குவதைப் பாதிக்கும் என்று கருதினால் லண்டன் அமைச்சர் அரச ஒப்புதலையே தடுக்கலாம். கால் நூற்றாண்டு தூங்கிய இந்தப் பிரிவு 2023 ஜனவரியில் முதன்முறையாக எழுந்தது. ஹோலிரூட்டின் பாலின அடையாளச் சீர்திருத்த மசோதா அதில் நின்றுபோனது.

மூன்றாவது, 2020இன் உள்நாட்டுச் சந்தைச் சட்டம். இது எந்தச் சட்டத்தையும் ரத்து செய்வதில்லை, பல்லைப் பிடுங்கிவிடுகிறது. பிரிட்டனின் ஒரு பகுதியில் சட்டப்படி விற்கும் பொருளை மற்ற பகுதிகளிலும் விற்கலாம் என்பது அதன் விதி. ஸ்காட்லாந்தில் ஒரு பொருளைத் தடை செய்தாலும் இங்கிலாந்திலிருந்து வருவதைத் தடுக்க விலக்கு கேட்க வேண்டும். காலிப் பாட்டிலைத் திருப்பினால் முன்பணத்தைத் திருப்பித் தரும் வைப்புத்தொகைத் திட்டத்தில் கண்ணாடியைச் சேர்ப்பதா என்ற தகராறு 2023இல் இங்கேதான் முட்டியது.

மறுபக்கமும் உண்டு. பகிரப்பட்ட விஷயத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் இயற்றும்போது அந்தந்த மன்றத்தின் இசைவைக் கேட்கும். சூவல் மரபு என்று பெயர். 'வழக்கமாக' இசைவில்லாமல் இயற்றாது என்றே அது சொல்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் இது அரசியல் மரபு, நீதிமன்றம் காக்க முடியாது என்றது. 2020 ஜனவரியில் பிரெக்ஸிட் உடன்பாட்டு மசோதாவுக்கு மூன்று மன்றங்களும் இசைவு மறுத்தன, மசோதா நிறைவேறியது.

படி 7: காகிதத்தைப் படிப்பது, ஒப்பிடுவது, கேட்டு வாங்குவது

வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் கடைசிப் பிரிவுகளில் 'எல்லை' என்று ஒரு விதி இருக்கும். 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' என்று போட்டிருந்தால் வேல்ஸிலும் அமலாகிறது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் ஒரே நீதிமன்ற வரம்பு என்பதால் சட்டம் இரண்டிடத்திலும் 'இருக்கும்'. ஆனால் அதன் வாசகம் இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி மட்டுமே பேசலாம். விளக்கக் குறிப்பின் பின்னிணைப்பில் பிரிவுவாரியாக எந்த நாட்டுக்குப் பொருந்தும் என்ற அட்டவணை இருக்கும். அதை முதலில் திறங்கள். சட்ட எண்ணுக்கு முன்னால் 'ஏ.எஸ்.பி.' என்றிருந்தால் ஹோலிரூட், 'ஏ.எஸ்.சி.' என்றிருந்தால் செனெத்.

நாடுகளை ஒப்பிடும்போது, காத்திருப்புப் பட்டியல் போன்ற எண்களை அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள். எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், எந்தச் சிகிச்சைகளைச் சேர்க்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. தேதிகளை ஒப்பிடுவது பாதுகாப்பானது, சுவையானதும்கூட. கடையில் தரும் பைக்கான கட்டணம் வேல்ஸில் 2011இல் தொடங்கி வட அயர்லாந்து (2013), ஸ்காட்லாந்து (2014) வழியே இங்கிலாந்துக்கு 2015இல் வந்தது. உறுப்புதானத்தில் 'மறுக்காவிட்டால் சம்மதம்' என்ற முறை வேல்ஸில் 2015 டிசம்பரில் தொடங்கியது; இங்கிலாந்துக்கு 2020 ஆயிற்று. பொது இடத்தில் புகைக்கத் தடையை ஸ்காட்லாந்து 2006 மார்ச்சிலேயே கொண்டுவந்தது. ஆனால் எல்லாம் பரவுவதில்லை. மருந்துச் சீட்டுக் கட்டணத்தை வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்காட்லாந்து 2011இலும் நீக்கின. இங்கிலாந்து இன்னும் வசூலிக்கிறது. செலவில்லாத விதி சீக்கிரம் எல்லை தாண்டும், செலவுள்ளது தாண்டாது என்று ஓரளவுக்குச் சொல்லலாம்.

பொதுவெளியில் கிடைக்காத ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். லண்டன், வேல்ஸ், வட அயர்லாந்து அமைப்புகளுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்காட்லாந்து அமைப்புகளுக்கு 2002இன் தனிச் சட்டம். ஸ்காட்லாந்தில் அலுவலகம் வைத்திருந்தாலும் பிரிட்டன் முழுவதற்குமான அமைப்பு என்றால் 2000ஆம் ஆண்டுச் சட்டமே. இரண்டிலும் பதிலுக்கு 20 வேலைநாள். மறுத்தால் உடனே ஆணையரிடம் ஓட வேண்டாம். முதலில் அதே அமைப்பிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அதற்கு உங்களுக்கு 40 வேலைநாள், அவர்களுக்கு 20. அதன்பிறகும் கதவு திறக்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஸ்காட்லாந்து தகவல் ஆணையருக்கு எழுதுங்கள்; 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான தகவல் ஆணையருக்கு எழுதினால் கடிதம் திரும்பி வரும், நாட்கள் திரும்பி வராது.